ஆளுக்கு அரை ஜன்னல்

கச்சேரிக்குப் போய் உட்காருகிறவர், தான் சும்மா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறார். வாசிக்கிறவர்கள் மேடையில் இருக்கிறார்கள், டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தாயிற்று, இனி கேட்பது ஒன்றுதான் பாக்கி. ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் அவருடைய உடம்பு ஒரு காரியத்தை ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது. அது ஒலியைத் தின்கிறது. அவர் போட்டிருக்கும் சட்டையும் கோட்டும் வந்து மோதும் ஒலி அலையில் ஒரு பெரும்பங்கை வாங்கி, மிகமிகச் சொற்பமான வெப்பமாக மாற்றிவிடுகின்றன.

எவ்வளவு தின்கிறது என்பதையும் அளந்து வைத்திருக்கிறார்கள். திறந்த ஜன்னல் வழியாக வெளியே போன ஒலி திரும்பி வராது. அப்படித் திறந்து கிடக்கும் ஜன்னலில் 0.44 சதுர மீட்டர் பரப்பு எவ்வளவு ஒலியை விழுங்குமோ, அவ்வளவைக் கூட்டத்தில் உட்கார்ந்த ஒரு ரசிகர் விழுங்குகிறார். ஏறக்குறைய ஆளுக்கு அரை ஜன்னல். இந்தக் கணக்கைப் போட்டவர் வாலஸ் கிளெமென்ட் சாபின் என்ற ஹார்வர்டு இயற்பியல் ஆசிரியர். அது முதன்முதலாகப் பயன்பட்டது பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவின் அரங்கத்துக்கு.

அந்த இசைக்குழுவின் ஒரு வருஷத்தைப் பின்தொடர்ந்து போனால், ஒலி இயற்பியலில் பாதியைப் பார்த்துவிடலாம். அதோடு, நூறு பேர் சேர்ந்து வாசிக்கும் ஒரு குழுவை 140 வருஷத்துக்கு மேல் உயிரோடு வைத்திருக்க எத்தனை பேர் மேடைக்கு வெளியே வேண்டியிருக்கிறது என்பதும் தெரியும்.

முதல் ஆள் ஹென்றி லீ ஹிகின்சன். இளவயதில் வியன்னா போய் சங்கீதம் படித்தவர். கையில் கோளாறு வந்து, வாத்தியக்காரர் ஆகும் ஆசை அதோடு நின்றது. ஊர் திரும்பி, உள்நாட்டுப் போரில் குதிரைப்படையில் சண்டை போட்டு, பிறகு வங்கித் தொழிலில் நிறையச் சம்பாதித்தார். வாசிக்க முடியாதவர் 1881இல் ஒரு முழு இசைக்குழுவையே சொந்தச் செலவில் தொடங்கினார். அந்த ஆண்டு அக்டோபர் 22 அன்று முதல் கச்சேரி. டிக்கெட் 75 சென்ட், 25 சென்ட். அதோடு ஒத்திகையையும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அதற்கு இருக்கை எண் கிடையாது, 25 சென்ட் கொடுத்து முந்திப் போய் இடம்பிடிக்க வேண்டியதுதான். இன்றைக்கும் பாஸ்டனில் வெள்ளிக்கிழமைப் பிற்பகல் கச்சேரி நடப்பது அந்த ஒத்திகையின் மிச்சம். வருஷாவருஷம் துண்டு விழும், விழுந்த துண்டை ஹிகின்சன் போடுவார். 1918 வரை இப்படியே ஓடியது.

1890களில் புது அரங்கம் கட்ட வேண்டி வந்தது. மெக்கிம், மீட் அண்ட் ஒயிட் என்ற புகழ்பெற்ற கட்டடக்கலை நிறுவனம் முதலில் காட்டிய வரைபடம் கிரேக்க நாடக அரங்கு மாதிரி அரைவட்டம். பார்க்க அழகு. ஆனால் உள்ளே ஒலி எப்படி இருக்கும் என்று சொல்லக்கூடியவர் அன்றைக்கு உலகத்தில் ஒருவரும் இல்லை. கட்டி முடித்தபின் கேட்டால்தான் தெரியும். நன்றாக அமைந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் இடிக்கவா முடியும்?

இங்கேதான் சாபின் வருகிறார். ஹார்வர்டில் ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. சொன்ன சொல் அடங்க ஐந்தரை விநாடி ஆயிற்று. அதற்குள் அடுத்த வாக்கியமே வந்து மேலே ஏறிக்கொள்ளும். சாமான்களை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு வெறும் வீட்டில் நின்று பேசிப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொந்தரவு தெரியும். மெத்தையும் துணிமணியும் போனவுடன் சுவர்கள் பேச ஆரம்பிக்கும். இதற்கு எதிர்முழக்கம் என்று பெயர். என்ன செய்யலாம் பாருங்கள் என்று 1895இல் இளம் சாபினிடம் பல்கலைக்கழகத் தலைவர் வேலையை ஒப்படைத்தார்.

சாபினுடைய கருவிகள் ஓர் ஆர்கன் குழல், நேரம் பதியும் கருவி, தன் இரண்டு காது. இவற்றோடு பக்கத்து சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகள். பகலில் தெருச்சத்தம் இருக்கும். அதனால் நள்ளிரவுக்குப் பிறகு மெத்தைகளைத் தூக்கி வருவார்கள். கொஞ்சம் மெத்தை போட்டுக் குழலை ஊதி, ஒலி காதுக்கு அடங்கும் நேரத்தைக் குறிப்பார். இன்னும் கொஞ்சம் போட்டு மறுபடி ஊதுவார். விடிவதற்குள் எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும், காலையில் தியேட்டரில் ஆள் வந்துவிடும். எல்லா மெத்தையும் உள்ளே வந்தபோது ஐந்தரை விநாடி என்பது ஒரு விநாடிக்குச் சற்று மேல் என்று சுருங்கியது. நடுவில் ஒரு சோதனை. அளந்தவர் உடுத்தியிருந்த துணியே அளவை மாற்றுகிறது என்று தெரியவந்தது. ஆயிரக்கணக்கான அளவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதன்பின் ஒரே உடுப்பை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். விஞ்ஞானத்தில் பொறுமைக்கு உதாரணம் கேட்டால் நான் இந்த மனிதரைத்தான் காட்டுவேன்.

மூன்று வருஷம் குவித்த எண்களிலிருந்து 1898இன் இலையுதிர்காலத்தில் விதி கிடைத்தது. விதி மிகச் சாது. அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறைக்குள் இருக்கும் மொத்த ‘திறந்த ஜன்னல்’ பரப்பால் வகுத்தால், ஒலி பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேய ஆகும் விநாடி கிடைக்கும். சுவர், திரை, மரம், மெத்தை, மனிதர் எல்லாவற்றையும் ஜன்னலாக மாற்றிக் கூட்ட வேண்டும், அவ்வளவே.

விதி கையில் வந்த கையோடு, தயங்கிக்கொண்டிருந்த சாபின் ஹிகின்சனின் அரங்கத்துக்கு ஆலோசகராக இருக்க ஒப்புக்கொண்டார். அரைவட்டம் கைவிடப்பட்டது. லைப்சிக் நகரத்து கெவாண்ட்ஹவுஸ் அரங்கை முன்மாதிரியாக வைத்து, காலணிப் பெட்டி மாதிரி நீண்டு குறுகிய கூடம் எழுந்தது. அகலம் 23 மீட்டர், உயரம் ஏறக்குறைய 18 மீட்டர். 1900 அக்டோபர் 15 அன்று திறப்பு. அறிவியல் கணக்குப் போட்டுக் கட்டிய முதல் கச்சேரி அரங்கம் அதுதான். இன்றைக்கும் உலகத்தின் மிகச் சிறந்த மூன்று நான்கு அரங்கங்களில் அதற்கு இடம் உண்டு.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். உள்ளே 18,750 கனமீட்டர் காற்று. அரங்கு நிரம்பியிருக்கும்போது எதிர்முழக்கம் 1.9 விநாடி. அப்படியானால் மொத்த ஜன்னல் சுமார் 1,590 சதுர மீட்டர் வர வேண்டும். 2,600 ரசிகர்களை 0.44ஆல் பெருக்கினால் 1,144. முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. சுவரும் கூரையும் திரையும் மேடையும் சேர்ந்து செய்வது மிச்சம்தான். ஒத்திகையில் வெறும் நாற்காலிகளுக்கு வாசித்தவர்கள், இரவு கச்சேரியில் வேறொரு அரங்கத்தில் வாசிப்பதாக உணர்வது இதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சாபின் முன்கூட்டிச் சொன்னது 2.3 விநாடி. வந்தது 1.9. எங்கே பிசகு என்பது அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, லியோ பெரானெக் என்ற ஒலிப் பொறியாளரால் தெளிவானது. ரசிகர்களைத் தலைக்கணக்கில் எண்ணக் கூடாது, அவர்கள் பரவி உட்கார்ந்திருக்கும் தரைப்பரப்பை அளக்க வேண்டும் என்றார் அவர். நெருக்கியடித்து உட்கார்ந்தால் ஆளுக்கு ஆள் மறைத்துக்கொள்வதால் ஒவ்வொருவரும் குறைவாகத் தின்பார்கள். தாராளமாகக் கால் நீட்டி உட்கார்ந்தால் கூடுதலாகத் தின்பார்கள். அகலமான சொகுசு இருக்கை ஒலிக்கு எதிரி என்பது சினிமா தியேட்டர்காரர்களுக்குக் கவலையில்லாத விஷயம், சிம்பொனிக்காரர்களுக்குக் கவலை.

இலையுதிர்காலத்தில் இசைக்குழுவின் கச்சேரிப் பருவம் தொடங்கும். வாரத்துக்கு ஒரு நிகழ்ச்சியை ஒத்திகை பார்த்து, அதையே சில நாள் மேடையேற்றி, அடுத்த வாரம் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். மேடையில் சுமார் நூறு பேர். முதல் வயலின் வரிசை மட்டும் பதினாறு வரை. ஒருவர் வாசிப்பதைப்போல் பதினாறு மடங்கு சத்தம் வருமா? வராது. பதினாறு வயலின் சேர்ந்தால் கூடுவது 12 டெசிபல். காதுக்கு அது இரண்டு மடங்கைவிடச் சற்று அதிகமாகத் தோன்றும். சத்தம்தான் வேண்டுமென்றால் ஒரு டிரம்பெட் போதும். பதினாறு சம்பளம் கொடுப்பது வேறொன்றுக்காக. எந்த இருவரும் இம்மி பிசகாமல் ஒரே சுருதியில், ஒரே கணத்தில் வாசிப்பதில்லை. அந்தச் சின்னஞ்சிறு வேறுபாடுகள் ஒன்றோடொன்று கலந்து தனி வயலினின் கூர்மை போய், பட்டுத்துணி விரித்த மாதிரி ஒரு வழவழப்பு வருகிறது. பிசகு இல்லாவிட்டால் சிம்பொனியே இல்லை.

நேரம் இன்னொரு தலைவலி. மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பதினெட்டு மீட்டர் இருந்தால், ஒலி அதைக் கடக்க விநாடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். வேகமான இடத்தில் ஒரு ஸ்வரத்துக்குக் கிடைப்பதே பத்தில் ஒரு பங்கு. எதிர்ப்பக்கத்துச் சத்தம் காதில் விழுந்தபின் வில்லை இழுத்தால் அரை ஸ்வரத்து நேரம் பிந்திப்போகும். ஆகவே நடத்துநரின் கோலைப் பார்க்கிறார்கள். ஒளிக்கு இந்தத் தாமதம் கிடையாது. பின்வரிசையில் முரசு, தாளக்கருவி வைத்திருப்பவர்கள் ஒருபடி மேலே போய், தம் காதுக்கு முந்துவதாகப் படும்படியே அடிக்கப் பழகிக்கொள்கிறார்கள். தன் காதை நம்பாமல் இருக்கக் கற்றுக்கொள்வது ஓர் இசைக்கலைஞனுக்குப் பெரிய பாடம்.

வசந்தம் முற்றியதும் அரங்கத்தின் சரிவுத் தரை கழன்று வெளியே போகும். கீழே சமதளம், சின்ன மேஜைகள், சிற்றுண்டி, சினிமா இசை. இது பாஸ்டன் பாப்ஸ், 1885 முதல் நடப்பது. 2,625 இருக்கை 2,371 ஆகும். வாசிப்பவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள், ஒவ்வொரு வாத்திய வரிசையின் தலைவர்களைத் தவிர. ‘ஸ்டார் வார்ஸ்’ புகழ் ஜான் வில்லியம்ஸ் 1980 முதல் 1993 வரை இதை நடத்தினார். லேசான இசை என்று மூக்கைச் சுளிப்பவர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் கனமான சிம்பொனிப் பருவத்தின் செலவைத் தாங்குவதில் இந்த லேசான இசைக்கும் பங்கு உண்டு.

அரங்கத்துக்கு வராதவர்களிடம் அரங்கம் போக வேண்டும் என்று முதலில் பிடிவாதம் பிடித்தவர் ஆர்தர் ஃபீட்லர். அதே குழுவில் வயோலா வாசித்தவர். 1929 ஜூலை 4 அன்று சார்லஸ் நதிக்கரையில் இலவசக் கச்சேரிகளைத் தொடங்கினார். 1976இல் நாட்டின் இருநூறாவது சுதந்திர தினத்தில் அதே கரையில் நான்கு லட்சம் பேர் கூடியதாகக் கணக்கு. திறந்தவெளியில் சுவரே இல்லை. சாபினின் கணக்கில் எல்லாமே ஜன்னல். வாசித்தது அப்படியே வானத்துக்குப் போய்விடும். ஒலிபெருக்கிதான் கதி. அதிலும் ஒரு சூட்சுமம். மேடையிலிருந்து 340 மீட்டர் தள்ளி நட்ட ஒலிபெருக்கிக்கு மின்சாரம் கண நேரத்தில் போய்ச் சேரும், மேடையின் ஒலியோ ஒரு விநாடி கழித்து வரும். அதனால் தூரத்து ஒலிபெருக்கியை வேண்டுமென்றே அந்த அளவுக்குத் தாமதப்படுத்துகிறார்கள். இல்லாவிட்டால் ஒரே அடி இரண்டு முறை கேட்கும்.

ஜூலை, ஆகஸ்டில் குழு மூட்டைமுடிச்சோடு மாசசூசெட்ஸின் மேற்குக்கோடி மலைப்பகுதிக்குப் போய்விடும். அங்கே டாங்கிள்வுட் என்ற பண்ணையை ஒரு குடும்பம் இசைக்குழுவுக்குத் தானமாகக் கொடுத்திருந்தது. 1937 ஆகஸ்ட் 12, பெரிய கூடாரத்தில் வாக்னர் இசை. நடுவில் இடிமழை. மழைச்சத்தத்தில் வாத்தியம் ஒன்றும் கேட்கவில்லை, தண்ணீர் கூடாரத்துக்குள் ஒழுகியது. இடைவெளியில் கெர்ட்ரூட் ராபின்சன் ஸ்மித் என்ற பெண்மணி மேடையேறி, நிரந்தரக் கூரைக்குப் பணம் கொடுங்கள் என்று நனைந்திருந்த கூட்டத்திடமே கேட்டார். கேட்கத் தோதான நேரம் அதைவிட வேறு கிடையாது. புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் எலியேல் சாரினன் போட்ட திட்டத்துக்குப் பணம் எட்டவில்லை. இந்தப் பணத்துக்குக் கொட்டகைதான் கட்டலாம் என்று அவர் சொல்லிவிட, சரி கொட்டகையே கட்டுவோம் என்று உள்ளூர்ப் பொறியாளர் ஜோசப் ஃப்ரான்ஸ் கட்டி முடித்தார். 1938 ஆகஸ்ட் 4 அன்று திறந்தார்கள். இன்றைக்கும் அதன் பெயர் ‘ஷெட்’தான். உள்ளே ஐயாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம், சுற்றிலும் புல்வெளியில் இன்னும் பல ஆயிரம்.

பக்கச்சுவர் இல்லாத கொட்டகையில் சிம்பொனி எப்படி எடுபடும்? பாஸ்டன் அரங்கம் குறுகலானது. மேடையிலிருந்து நேராக வந்த ஒலிக்குப் பதினைந்து மில்லி விநாடிக்குள் பக்கச்சுவரில் பட்ட ஒலியும் வந்து சேரும். காது இரண்டையும் பிரிக்காது, ஒன்றாக்கி ‘பக்கத்தில் வாசிக்கிறார்கள்’ என்று எடுத்துக்கொள்ளும். கொட்டகைக்கு அந்தச் சுவர் இல்லை. எனவே 1959இல் பெரானெக்கின் நிறுவனம் மேடைக்கு மேலும் முன்னாலும் முக்கோணப் பலகைகளைத் தொங்கவிட்டது. பாதி பலகை, பாதி இடைவெளி. பலகையில் பட்ட ஒலி சீக்கிரம் கீழே வந்து தெளிவைக் கொடுக்கும். இடைவெளியில் புகுந்தது மேலே போய்ச் சுற்றிவிட்டு நிதானமாக வந்து நிறைவைக் கொடுக்கும்.

மலைக்குளிரை மட்டும் எந்தப் பலகையும் தடுக்காது. காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் ஒலியின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் குறையும். புல்லாங்குழல், ஓபோ எல்லாம் காற்றில் ஒலி போகும் வேகத்தை நம்பிய வாத்தியங்கள். பத்து டிகிரி இறங்கினால் கணக்குப்படி அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு சுருதி இறங்கும், ஊதுபவரின் மூச்சுச்சூடு அதில் கொஞ்சத்தை மீட்கும். கம்பி வாத்தியங்களிலோ குளிரில் உலோகத்தந்தி சுருங்கி இழுபடும், சுருதி ஏறும். ஒரு கூட்டம் இறங்குகிறது, ஒரு கூட்டம் ஏறுகிறது, நடுவில் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

1940இல் குழுவின் நடத்துநர் கூசெவிட்ஸ்கி அங்கேயே ஒரு கோடைக்காலப் பள்ளியும் தொடங்கினார். முதல் வருஷ மாணவர்களில் ஒருவர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன். 1958இல் பம்பாயிலிருந்து வந்த ஓர் இளைஞரும் அங்கே நடந்த போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினார். அவர் பெயர் ஜுபின் மேத்தா. பள்ளிப் பிள்ளைகளுக்கான கச்சேரிகளை 1959இல் தொடங்கியவர் ஹாரி எல்லிஸ் டிக்சன், இவரும் குழுவில் வயலின் வாசித்தவர்தான். சிம்பொனி மேடைகளில் கறுப்பின, லத்தீன் முகங்கள் ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பதிலாக 1982இல் ‘புராஜெக்ட் ஸ்டெப்’ பிறந்தது. அந்தச் சமூகங்களின் குழந்தைகளைச் சின்ன வயதிலேயே சேர்த்து வருஷக்கணக்கில் வயலினும் செல்லோவும் கற்றுக்கொடுக்கிறார்கள். ஒருநாள் கூட்டி வந்து கைதட்ட வைத்து அனுப்புவதைவிட இது கடினம், செலவும் அதிகம். பலன் தருவது இதுதான் என்பது என் கட்சி.

இத்தனைக்கும் பணம்? பெரும்பாலான அமெரிக்க இசைக்குழுக்களில் டிக்கெட் வசூல் செலவில் பாதியைத் தொடாது. நிர்வாகக் கோளாறு என்று தோன்றும், ஆனால் அடிப்படைக் காரணம் வேறு. 1966இல் வில்லியம் பாமால், வில்லியம் போவன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இதை விளக்கினார்கள். ஐந்து பேர் அரை மணி நேரம் வாசிக்கும் ஓர் இசைக்கு இரண்டரை மணி நேர உழைப்பு தேவை. நூறு வருஷத்துக்கு முன்பும் அதே, இன்றும் அதே. சட்டையும் செருப்பும் செய்யும் தொழிற்சாலையில் இயந்திரம் வந்து ஒரே ஆள் பத்து ஆள் வேலை செய்கிறார், சம்பளம் ஏறுகிறது. வயலின்காரருக்கும் அந்தச் சம்பளத்துக்கு ஈடாகக் கொடுக்காவிட்டால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆனால் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை பாதி ஆளை வைத்து இருமடங்கு வேகத்தில் முடிக்க முடியாது. ஆகவே துண்டு விழுந்துகொண்டேதான் இருக்கும், யாராவது போட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஹிகின்சன் தனியாளாகப் போட்டதை இப்போது ஆயிரக்கணக்கான ஆதரவாளர்கள் பிரித்துப் போடுகிறார்கள். அந்தப் பெரானெக்கே பின்னாளில் பாஸ்டன் இசைக்குழுவின் அறங்காவலர் குழுத் தலைவராக இருந்து, 102 வயதில் 2016இல் காலமானார்.

துண்டை இருக்கைகளைக் கூட்டிச் சமாளிக்கலாமே என்று தோன்றும். இருக்கைகளைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் உதாரணம். பெரானெக்கின் ஆலோசனையில் வரைந்த பில்ஹார்மானிக் ஹாலில் பின்பு இருக்கைகள் கூட்டப்பட்டன, அதற்காகக் கூடத்தின் வடிவமும் மாறியது. 1962இல் திறந்த நாளிலிருந்தே ஒலி பற்றிப் புகார். 1976இல் உட்புறம் முழுவதையும் பெயர்த்துக் கட்டினார்கள், அப்போதும் தீரவில்லை. 2022இல் மறுபடி புதுப்பித்தபோது 500க்கும் மேற்பட்ட இருக்கைகளை எடுத்துவிட்டார்கள்.

பாஸ்டன் பக்கம் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் இப்போது நம்மில் நிறையப் பேர். கோடையில் போனால் டாங்கிள்வுட் புல்வெளிக்குப் பாயும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள், இருட்டியபின் குளிரும். குளிர்காலத்தில் சிம்பொனி ஹாலுக்குப் போனால் கனத்த மேல்கோட்டை வாசலில் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள். அதுவும் ஒலியைத் தின்னும்.